ஒல்லாந்தனுக்கு ஒரு கூட்டாளி

இன்பமலரைத் திட்டுவதென்று நான் முடிவெடுத்தது ஐம்பத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாதம். கலியாணம் முடித்து ஏழு வருடம் கழித்து. அவசரப்பட்டுவிட்டேன் என்று ஒருவரும் சொல்ல ஏலாது.

அந்த ஏழு வருடமும் எங்கள் வீட்டில் நடந்த வாய்த்தர்க்கங்களில் நான் ஒன்றைக்கூட வென்றதில்லை. நான் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்து வாய்வரைக்கும் கொண்டுவருவேன். அதற்குள் அவ ஒன்பது சொல்லி, குசினிக்குப் போய், உலையில் அரிசியும் போட்டுவிடுவா. கொண்டுவந்த சொல்லைத் திருப்பி விழுங்கிவிட்டு நான் கிணற்றடிக்குப் போவேன். அப்படி விழுங்கியதை எல்லாம் சேர்த்தால் ஓர் அகராதி போடலாம்.

தமிழில் சரிவராது என்று தெரிந்துவிட்டது. அது அவவின் முற்றம். அவ கால் வைக்க முடியாத முற்றம் ஒன்று எனக்கு வேண்டும். ஆண்டவர் கைவிடவில்லை, ஒரு கதிரையை அனுப்பினார்.

நான் திருகோணமலை டொக்யாட் ஸ்டோரில் கிளாக்கர். நேவித் துரைமார் ஊர் மாறிப் போகும்போது வீட்டுச் சாமானை ஏலம் போடுவார்கள். அப்படி ஓர் ஏலத்தில் அந்தக் கதிரையை எடுத்தேன். அதற்கு ஒரு கால் கட்டை. அந்தக் காலுக்கு அண்டை கொடுக்க ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து புத்தகத்தைத் திறந்து பார்த்தால், இங்கிலீஷ்காரர் ஆட்களின் குணத்தைச் சொல்லப் பாவிக்கிற வார்த்தைகள் முழுக்க அதில் இருக்கின்றன. நேராகத் திட்டமாட்டான் இங்கிலீஷ்காரன். கோடரி என்பான், கம்பளி என்பான், மீன் என்பான். கேட்கிறவர் ஏதோ சாமான் பட்டியல் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அன்றிலிருந்து கதிரை ஆடியது. நான் ஆடவில்லை.

முதல் வெள்ளோட்டம் ஒரு திங்கட்கிழமை காலை. சேர்ட்டில் பொத்தான் இல்லை என்று வாயைத் திறந்து பத்து நிமிடம் வாங்கிக் கட்டினேன். முடிந்ததும் முகம் நிறையச் சிரிப்போடு சொன்னேன்.

"யூ ஆர் அன் ஓல்ட் பட்டில் அக்ஸ், மை டியர்."

அவ நிமிர்ந்து பார்த்தா. "அதென்ன?"

"பழைய போர்க்கோடரி. ராசாமார் அரண்மனை வாசலில தொங்கவிடுற சாமான். அது இருந்தால் வீட்டுக்குக் காவல். நல்ல பெண்சாதிக்கு இங்கிலீசுக்காரன் வைச்ச பேர்."

"மெய்யாவோ?"

"மெய்தான்."

இன்பமலரின் முகம் பூத்தது. பொத்தானும் வந்தது. மத்தியானம் சோற்றுப் பெட்டிக்குள் ஒரு முட்டைப் பொரியல் கூடுதலாக இருந்தது. புத்தகத்தில் அந்தச் சொல்லுக்குப் போட்டிருந்த கருத்து, வயது போன சண்டைக்காரி.

பிறகு என்ன, எனக்கு வாய் துளிர்த்துவிட்டது. என் கூட்டாளி ஹெக்டர் வீட்டுக்குச் சீட்டு விளையாடப் போகக்கூடாது என்று தடுத்தால் வெட் பிளாங்கட். நனைந்த கம்பளி. நாலு பேர் சந்தோசமாக இருக்கிற இடத்தில் வந்து அந்தச் சந்தோசத்தை அணைத்துவிட்டுப் போகிற ஆள் என்று கருத்து. காய்ச்சல்காரனின் நெற்றியில் போடும் ஈரத்துணி மாதிரி குளிர்ச்சியான குணம் என்று அவவுக்கு விளக்கினேன். மூச்சுவிடாமல் கதைத்தால் டபிள் டச்சு. ஒன்றும் விளங்காத உளறல். இரண்டு ஒல்லாந்தர் அளவுக்கு அறிவு என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவ சிரித்தா. ஒவ்வொரு சிரிப்புக்கும் எனக்கு ஓர் இறாத்தல் சதை போட்டது.

புத்தகத்தில் எனக்குப் பிடித்த அதிகாரம், தேசங்களின் பேரில் உள்ள குணங்கள். குடித்துவிட்டு வருகிற வீரத்துக்கு டச்சு கறேஜ் என்று பெயர். சொல்லாமல் கொள்ளாமல் நழுவினால் பிரெஞ்சு லீவு. காதைத் தின்கிற அளவுக்குப் புத்தி சொல்லுகிறவன் டச்சு அங்கிள். இதை நான் எங்கள் கடற்கரையில் நின்று யோசித்தேன். எங்கள் வீடு டச்சுபே கரையிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி. இந்தத் துறைமுகத்துக்காக ஒல்லாந்தன் அடிபட்டான், பிரெஞ்சுக்காரன் அடிபட்டான், கடைசியில் பிடித்தவன் இங்கிலீஷ்காரன். பிடித்தவன் சும்மா இருந்தானா? தோற்றுப் போனவனின் பேரில் ஆளுக்கொரு கெட்ட குணத்தை எழுதி வைத்துவிட்டான். போர்த்துக்கீசனை மட்டும் என் புத்தகம் ஒன்றும் சொல்லவில்லை. அவன் எங்களுக்கு வேதமும் கதிரையும் அலுமாரியும் தந்தவன், பாவம். இதை ஹெக்டருக்குச் சொன்னபோது, நீ புரொபெசராக வந்திருக்க வேண்டிய ஆள் நிக்கலஸ் என்று சொல்லிவிட்டு என் துரும்பை வெட்டினான்.

டச்சு அங்கிளுக்கு எங்கள் வீட்டிலேயே ஆள் இருந்தது. இன்பமலரின் தாய்மாமன் சூசைப்பிள்ளை அம்மான். அவரிடம் ஒரு பழைய ஒஸ்ரின் கார். அது மாதத்தில் இருபது நாள் கராஜில் கிடக்கும். அந்த இருபது நாளும் அம்மான் எங்கள் வீட்டில் இருந்து எனக்குப் புத்தி சொல்லுவார். நீங்கள் ஒரு டச்சு அங்கிள் என்றேன். கோட்டை கட்டிய ஒல்லாந்தரைப் போல உறுதியான மனிசன் என்று கருத்தும் சொன்னேன். அவருக்குப் புழுகம் தாங்கவில்லை, சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார். ஒருநாள் டச்சு கறேஜ் என்று நான் வாய்தவறிச் சொல்ல, அம்மான் காதைக் கூர்ப்பாக்கினார்.

"டச்சு கராஜோ? அது எந்த றோட்டில தம்பி? ஒஸ்ரினும் செய்வாங்களோ?"

மனிசனுக்கு உலகத்தில் எந்தச் சொல்லும் கராஜில் போய்த்தான் நிற்கும்.

இப்படி நாலு வருடம். வீட்டில் சமாதானம். அவ பேசுவா, நான் சிரித்த முகத்தோடு இங்கிலீஷில் திருப்பிக் கொடுப்பேன், அவ நன்றி சொல்லுவா. புதன்கிழமைகளில் நவநாள் செபத்துக்குப் பெரிய கோயிலுக்குப் போவா. நாலு மணிக்கே வெளிக்கிட்டுவிடுவா. வெளிக்கிடும்போது அந்தக் கிழமை நான் சொன்னதைத் திரும்பக் கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு போவா. ஏனென்று கேட்டால், மறந்துபோகாமல் இருக்க வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போறன் என்பா. நான் முகத்தைப் பேப்பருக்குள் வைத்துக்கொண்டு சிரிப்பேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வந்தது. வெள்ளைக்காரன் துறைமுகத்தை எங்கள் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போகிறான் என்று முடிவாயிற்று. ஊரெல்லாம் சந்தோசம். எங்கள் ஸ்டோரில் ஏழு கிளாக்கர்மாருக்கு மட்டும் சந்தோசம் இல்லை. இனிமேல் ஸ்டோருக்கு ஒரேயொரு கிளாக்கர் போதுமாம். மற்ற ஆறு பேரும் வீட்டுக்கு. அந்த ஒருவர் யாரென்று பேர் எழுதிக் கொடுக்கப் போவது எங்கள் பெரியவர் வில்மொட் துரை. எனக்கு வயது நாற்பத்திரண்டு. டொக்யாட் ஸ்டோரை விட்டால் எனக்குத் தெரிந்த தொழில், சீட்டு. அதிலும் தோற்கத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து வில்மொட் துரையும் அவர் மனைவி நோனாவும், போவதற்கு முன் பழைய கிளாக்கர்மாரின் வீடுகளில் ஒரு தேத்தண்ணீர் குடிக்க ஆசைப்பட்டார்கள். எங்கள் வீட்டுக்குச் சனிக்கிழமை நாலு மணி. செவ்வாய்க்கிழமை இந்தச் செய்தியை நான் கொண்டுவந்து சொன்னதும் இன்பமலர் என்ன செய்வா என்று நினைக்கிறீர்கள்? கேக் என்பா, சீலை என்பா, திரைச்சேலை மாற்ற வேணும் என்பா என்றுதான் நானும் நினைத்தேன்.

"நோனாவுக்கு நான் இங்கிலீசில நாலு நல்ல வார்த்தை சொல்லவேணும்" என்றா.

"என்ன வார்த்தை?"

"நீங்கள் சொல்லித் தந்ததுதான். வாசலில வைச்சே கையைப் பிடிச்சு, யூ ஆர் அன் ஓல்ட் பட்டில் அக்ஸ் எண்டுவன். துரைக்கு வெட் பிளாங்கட். கேக் வெட்டேக்க டபிள் டச்சு. காணும்தானே?"

சனிக்கிழமை நாலு மணியை நினைத்துப் பார்த்தேன். வில்மொட் நோனா எங்கள் வாசலில் காலை வைக்கிறா. என் மனைவி சிரித்த முகத்தோடு அவவை வயது போன சண்டைக்காரி என்கிறா. வீட்டுக்குப் போகிற ஆறு பேரில் முதல் ஆள் நான்தான்.

வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் வேண்டாம் என்று கேட்பா. உண்மையைச் சொன்னால் வேலை தப்பும், நான் தப்பமாட்டேன். சொல்லாவிட்டால் நான் தப்புவேன், வேலை போய்விடும். வேலை போனால் நான் முழுநாளும் அவவோடு வீட்டில் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்பமலர்தான் நின்றா.

புதன்கிழமை காலை ஒரு யுக்தி செய்தேன். இங்கிலீஷ் நோனாமாருக்கு வாய் பேசாத பெண்களைத்தான் பிடிக்கும் என்றேன். அப்படியெண்டால் நோனாமாரே ஒருவரோடயும் கதைக்கமாட்டினமோ என்று கேட்டா. வியாழக்கிழமை, தேங்க் யூ ஒன்றே போதும், அதுதான் இப்போது லண்டனில் பெரிய மரியாதை என்றேன். அது பாலர் வகுப்புப் பிள்ளையள் சொல்லுறது, நாலு வருசம் படிச்சுப்போட்டு நான் ஏன் தேங்க் யூவில நிக்கவேணும் என்றா. அதோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று ஓல்ட் பட்டில் அக்ஸ் என்று மூன்று தரம் சொல்லிப் பழகினா. மூன்றாம் தரம் உச்சரிப்புச் சுத்தமாக இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலை விட்டதும் ஹெக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டு, விழுந்து விழுந்து சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான், வேறு வழியில்லை, போய் ஒப்புக்கொள் என்று. கொஞ்சம் சாராயம் வார்த்துத் தந்தான். ஒரே மடக்கில் விட்டேன். டச்சு கறேஜ் என்றால் என்னவென்று நாலு வருடம் படித்தவனுக்கு அன்றைக்குத்தான் தொண்டை வழியாக விளங்கியது.

இன்பமலர் குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. நான் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இஞ்சேரும். நான் சொல்லித் தந்த இங்கிலீசு இருக்கெல்லே. அதின்ர கருத்துக் கொஞ்சம் பிசகு."

"எவ்வளவு பிசகு?"

"முழுக்க."

அவ திருவுவதை நிறுத்தவில்லை. "அப்ப சரியான கருத்தைச் சொல்லுங்கோ. ஒண்டும் விடாம."

நாங்கள் வேதக்காரர். பாவசங்கீர்த்தனம் எனக்குப் புதிதில்லை. ஆனால் ஃபாதருக்கு முன்னால் ஒரு மறைப்பு இருக்கும், இங்கே அதுவும் இல்லை. கோடரியில் தொடங்கினேன். கம்பளி, டச்சு என்று வரிசையாகச் சொன்னேன். நாலு வருடத்தையும் சொல்லி முடிக்க இரண்டு தேங்காய் முடிந்தது. இடையில் ஒரே ஒரு தரம் திருவலை நின்றது. அவவின் மீன் குழம்பைப் பற்றி ஹெக்டரிடம் நான் சொன்ன ஓர் இங்கிலீஷ் வார்த்தையையும் வாய்தவறி ஒப்புக்கொண்டேன்.

"இது எப்ப சொன்னனீங்கள்? இது எனக்குத் தெரியாதே" என்றா.

அந்தக் கேள்வியை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். எங்கே பிடிப்பது, நிலைக்கதவைப் பிடிக்கவே கை காணாமல் இருந்தது.

நான் எதிர்பார்த்த இடி விழவில்லை. தேங்காய்ப் பூவை ஒரு கோப்பையில் சேர்த்து மூடிவிட்டு, இரண்டே இரண்டு சொன்னா. ஒன்று, இனிமேல் சனிக்கிழமைச் சீட்டு இல்லை. இரண்டு, புதன்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம் நான்தான் பிழிய வேண்டும். ஃபாதர் தருகிற அபராதம் அஞ்சு அருள்நிறை மந்திரத்தோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டு இடியப்ப உரல் என்றால் இரண்டு ஆள் தூக்கும் மரம். ஆனாலும் தலை தப்பியதே என்று எல்லாவற்றுக்கும் ஓம் போட்டேன்.

"நாளைக்கு நோனாவுக்கு முன்னால…" என்று இழுத்தேன்.

"ஒண்டும் சொல்லமாட்டன். பயப்பிடாதேங்கோ."

அப்பாடா என்று இருந்தது. அந்த இரவு நான் பிள்ளை மாதிரி நித்திரை கொண்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கார் வந்தது. இன்பமலர் பட்டர் கேக்கும் மீன் கட்லட்டும் செய்து அடுக்கியிருந்தா. சூசைப்பிள்ளை அம்மானின் ஒஸ்ரின் கராஜில் கிடந்தபடியால் அம்மானும் கோட் போட்டு ஆடுகிற கதிரையில் இருந்தார். நான் வாசலில் நின்று, வெல்கம் சேர், வெல்கம் மேடம் என்று பாடமாக்கியதைச் சொல்ல வாயெடுத்தேன். வில்மொட் நோனா என்னைத் தாண்டிப் போனா. நேரே போய் இரண்டு கையாலும் என் மனைவியைக் கட்டிப் பிடித்தா.

"மலர்!"

பிறகு இரண்டு பேரும் இங்கிலீஷில் கதைக்கத் தொடங்கினார்கள். இரண்டு பேரும்! நான் ஒரு வசனத்தைப் பிடித்துத் தமிழாக்கி முடிப்பதற்குள் அவர்கள் நாலு வசனம் தள்ளிப் போயிருந்தார்கள். என் மனைவி 'யெஸ் டியர்' என்கிறா. 'ஓ நோ' என்கிறா. நோனாவின் சட்டைக் கையைத் திருப்பிப் பார்த்து, அந்தத் தையல் நல்லாய் வந்திருக்கு என்கிறா. எனக்குப் பேயறைந்த மாதிரி இருந்தது.

விசயம் இதுதான். நவநாள் ஐந்தரைக்கு. நாலேகால் தொடக்கம் ஐந்தேகால் வரை நோனாவின் பங்களாவில் தையல் வகுப்பு. நாலு வருடமாக ஒவ்வொரு புதனும் இன்பமலர் அங்கே போயிருக்கிறா. ஊசியோடு இங்கிலீஷும் பழகியிருக்கிறா. நான் சொல்லுகிற ஒவ்வொரு வார்த்தையையும் வழியில் பாடமாக்கிக்கொண்டு போய், நோனாவிடம் கொடுத்து, சரியான கருத்தை வாங்கிக்கொண்டு, கோயிலுக்கும் போய்க் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு போட்டிருக்கிறா.

நோனா என் பக்கம் திரும்பினா. "அப்போ மிஸ்டர் நிக்கலஸ், இவதானோ உங்கள் ஓல்ட் பட்டில் அக்ஸ்?" என்று இங்கிலீஷில் கேட்டா.

என் வேலை அந்த நிமிடம் கடலில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. வில்மொட் துரை என் முகத்தைப் பார்த்துவிட்டு வெடித்துச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கட்லட் புரைக்கேறியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார், புதன்கிழமை பின்னேரம் வந்தால் நிக்கலஸ் இந்தக் கிழமை என்ன சொன்னான் என்று கேட்பதுதான் அவருக்கு இந்த ஊரில் பெரிய பொழுதுபோக்காம், லண்டனில் அது கிடையாதாம். வேலைக்கு என் பேரை எழுதி மூன்று கிழமைக்கு முதலே கொழும்புக்கு அனுப்பியாயிற்றாம். போன புதன் நோனா அதின் பிரதியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டாவே, நான் பார்க்கவில்லையா என்றும் கேட்டார்.

இன்பமலர் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, சீலை மடிப்புக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்து வந்து என் கையில் வைத்தா. நேர்மை, நேரந்தவறாமை எல்லாம் எழுதிக் கடைசி வரியில் துரை எழுதியிருந்தார்: 'ஆங்கிலேயர் ஒருவருடைய குணத்தைக் குறிக்கும் சொற்றொடர்களில் இவருக்குள்ள தேர்ச்சியை நான் வேறெந்தக் கிளாக்கரிடமும் கண்டதில்லை.' எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை தப்பியது. வீடு தப்பியது. நான் இரண்டு கட்லட் சாப்பிட்டேன்.

கார் போனபிறகு இன்பமலரிடம் கேட்டேன்.

"எல்லாம் தெரிஞ்சுகொண்டே ஏன் என்னை வெள்ளிக்கிழமை அப்பிடிச் சொல்ல வைச்சனீர்?"

"நான் கேட்டனானே? நீங்களாத்தானே வந்து நிலையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னனீங்கள்."

"அப்ப அந்த இடியப்பம்?"

"அதுவும் நீங்கள் ஓம் எண்டதுதானே."

நான் கிணற்றடிக்குப் போனேன்.

ஒரு வருடம் போனது. வேலை நன்றாகப் போனது. பொய் சொல்லக்கூடாது, வீடும் முன்னையைவிட நன்றாகத்தான் போனது. அவ பேசுவா, நான் கேட்பேன். என்ன சொல்லப் போகிறேனோ என்ற பயம் எனக்கு இல்லை. ஒரு புதன்கிழமை பின்னேரம் நான் குசினியில் வேர்க்க வேர்க்க இடியப்பம் பிழிந்துகொண்டிருக்கிறேன். அம்மான் தட்டோடு காத்துக்கொண்டிருக்கிறார். இன்பமலர் கோயிலால் வந்து, தபாலில் வந்திருந்த வில்மொட் நோனாவின் கடிதத்தை உடைத்து, வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லுகிறா. அங்கே குளிராம். துரைக்கு முழங்கால் வருத்தமாம். பிறகு அவவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

துரை அங்கே தன் கூட்டாளிமாருக்கு எங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார். இப்போது அந்த ஊரில் ஒரு புதுச் சொல் நடமாடுகிறதாம். மனைவிக்கு விளங்காத பாசையில் மட்டும் வருகிற வீரத்துக்கு, எங்கள் திருகோணமலையின் பேரில் 'ட்ரிங்கோ கறேஜ்' என்று பேராம்.

நான் பிழிவதை நிறுத்தினேன். ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், அடுத்தது நாங்கள். இந்தத் துறைமுகத்தில் தோற்றவன் எல்லாருக்கும் இங்கிலீஷ்காரன் ஒன்று எழுதி வைப்பான் என்று சொன்னவனே நான்தான்.

அம்மான் தட்டைக் கீழே வைத்தார்.

"ட்ரிங்கோ கராஜோ? எங்கட ஊரிலயோ பிள்ளை? எந்த றோட்டில?"

"அது கராஜ் இல்லை அம்மான்" என்றா இன்பமலர். "அந்தா, இடியப்பம் பிழிஞ்சுகொண்டு நிக்குது."